மூன்று முறை எரிந்த மோட்டார்

மதுரைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரிடம் பேசிவிட்டு வா என்று எங்கள் மேனேஜர் லிம் சொன்னபோது அவர் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே உள்ள எங்கள் ரப்பர் ஆலையில் நான் எலக்ட்ரிக்கல் போர்மன். ஆலையில் ஓடுகிற மோட்டார்கள் எல்லாம் என் பொறுப்பு. மதுரையில் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர், மோட்டார் ஏன் எரிந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லும் ப்ரோகிராம் ஒன்றை எழுதியிருக்கிறார் என்று லிம் ஏதோ சஞ்சிகையில் படித்திருந்தார். "நமக்கு உதவுமா பார். அந்த ஊர் பாஷை உனக்குத் தெரியும். திரும்பி வந்து உண்மையைச் சொல்" என்றார் மலாயில்.

பாஷை தெரியும், ஊர் தெரியாது. நான் மலாயாவில் பிறந்தவன். என் அப்பா சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். எண்பதுகளின் நடுவில், நாற்பத்தெட்டு வயதில்தான் இந்தியாவை முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அது வெளிநாட்டுப் பயணம்தான்.

மதுரையில் முதல் மாலை, லாட்ஜுக்கு எதிரே இருந்த கடையில் பரோட்டா தின்றேன். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்று இதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு. பருப்புக் கறியை ஓரமாக ஊற்றி, முள்கரண்டியால் குத்தித் தின்போம். இங்கே பரிமாறியவர் இலையில் பரோட்டாவை வைத்துவிட்டு, "அண்ணே, பிச்சுப் போடவா?" என்றார். நான் தலையாட்டுவதற்குள் பிய்த்துப்போட்டு, அது மூழ்கும் அளவுக்குச் சால்னாவை ஊற்றிவிட்டார். காரம் காதுவரை ஏறியது. "எந்த ஊரு அண்ணே?" என்றார். ஈப்போ என்றேன். "தூத்துக்குடிப் பக்கமா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மோட்டார்க்காரன் ஒரு புதிய ஊரில் முதலில் பார்ப்பது கோபுரத்தை அல்ல, பல்பை. ஏழு மணிக்குக் கடையின் பல்பு செம்மண் நிறத்தில் எரிந்தது. மின்விசிறி, இறக்கைகளை எண்ணிவிடலாம் போலச் சுற்றியது. இவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டார்கள் எப்படி உயிரோடு இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

அவை உயிரோடு இல்லை என்பதை மறுநாள் கமால் பாய் சொன்னார். தல்லாகுளத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் அவர். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் கொடுத்துத் திருப்பித் தருகிற தொழில். விரிவுரையாளர் அம்மா என்னை அழைத்து வரச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக டெஸ்டர்.

"சித்திரை, வைகாசியில எங்க கடையில நிக்க எடம் இருக்காதுண்ணே. அம்புட்டு மோட்டாரும் வரிசையில கெடக்கும். ஆசுபத்திரி மாதிரி" என்றார்.

பல்கலைக்கழகம் இருக்கும் நாகமலை புதுக்கோட்டைக்கு அவருடைய ஸ்கூட்டரில் போனோம். பாதி வழியில் அது நின்றது. பாய் இறங்கி, எதுவும் சொல்லாமல் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகத் தரைவரை சாய்த்துப் பிடித்தார். பிறகு நிமிர்த்தி உதைத்தார். கிளம்பிவிட்டது. எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு ஜப்பான் மோட்டார்சைக்கிள் இருக்கிறது; நின்றுபோனால் கடையில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போவோம். இவர் கையில் இருந்தது என்ன வித்தை என்று கேட்டேன். "பெட்ரோல் எறங்க மாட்டேங்குது. இது எங்கத்தா காலத்து வண்டி" என்றார்.

பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்புகள் கோயில் வாசல்போலக் கிடந்தன. உள்ளே போனால் குளிர். அந்த ஊரில் நான் குளிர்ந்து நின்ற ஒரே இடம் அதுதான். ஸ்டெபிலைசர் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். மேசைமேல் பச்சை எழுத்துத் திரையோடு ஒரு சின்ன கம்ப்யூட்டர். ஆலையின் சம்பளக் கணக்குக்காக லிம் வாங்கியிருந்ததைவிட இது பழையது.

விரிவுரையாளர் செண்பகவல்லி என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். வணக்கம் சொன்ன கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார். "சார், இதுக்கு எக்ஸ்பர்ட் சிஸ்டம்னு பேரு. ஒண்ணும் மந்திரம் இல்ல. பாய் கடையில ஒன்றரை வருஷம் உக்காந்து, ஒவ்வொரு மோட்டாருக்கும் 'இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க'ன்னு கேட்டேன். அவர் சொன்னதை விதி விதியா எழுதினேன். இது இருந்தா இது, இது இல்லைன்னா அதுன்னு."

"என்னைய ஒன்றரை வருசம் தூங்க விடல" என்றார் பாய். "ஒரு வாசன வச்சுக் கண்டுபுடிச்சேன்னு சொன்னா, என்ன வாசன, எங்கெருந்து வந்துச்சு, எத்தன நாள் வாசனன்னு கேப்பாங்க. கடைசியில பாத்தா எனக்கே தெரியாம எனக்கு இம்புட்டுத் தெரிஞ்சிருக்கு."

நான் மரியாதையாகச் சிரித்தேன். உள்ளூர நம்பவில்லை. இருபத்தாறு வருடம் மோட்டார்களோடு இருந்தவனுக்குத் தெரியாததை ஒரு பெட்டி என்ன சொல்லிவிடும்?

அன்று செக்கானூரணிப் பக்கத்திலிருந்து தவசி என்ற விவசாயி வந்திருந்தார். ஒரே கோடையில் இரண்டு முறை அவருடைய கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. பாய்தான் இரண்டு முறையும் காயில் கட்டியவர். அதனால் தவசி பாயைப் பார்த்த பார்வை அவ்வளவு நன்றாக இல்லை. வெளியே குழாயில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

திரையில் கேள்விகள் ஆங்கில எழுத்தில் தமிழாக வந்தன. செண்பகவல்லி படித்துச் சொன்னார். எத்தனை குதிரைசக்தி, எத்தனை வருடமாக ஓடுகிறது, எரிந்தது எந்த நேரத்தில். தவசி சொல்லச் சொல்ல அவர் தட்டினார். பிறகு ஒரு கேள்வி வந்தது: உங்கள் மோட்டார் ஓடும்போது பக்கத்துக் கிணறுகளிலும் மோட்டார் ஓடுகிறதா?

"அவுக மோட்டார் ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன? அதை ஏன் இது கேக்குது?" என்றார் தவசி.

செண்பகவல்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கீபோர்டில் ஒரு பட்டன்மேல் சின்னக் காகிதம் ஒட்டி 'ஏன்' என்று மையால் எழுதியிருந்தார்கள். "நீங்களே அமுக்குங்க" என்றார். தவசி வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார்.

திரையில் பதில் வந்தது. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் லைனில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் மோட்டார் கூடுதல் கரண்டை இழுத்துச் சூடாகும். உங்கள் கிணறு லைனின் கடைசியில் இருந்தால் உங்களுக்குத்தான் முதலில் அடி. அதனால் கேட்கிறேன்.

தவசி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "கடைசிக் கெணறு நம்மளதுதான்" என்றார் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பி, "கரண்டு ஆபீசுல போயி ஏன்னு கேட்டா, வெளிய நில்லுங்குறாக. இது பதில் சொல்லுதே" என்றார்.

கடைசியில் அந்தப் பெட்டி தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இதுவரை சொன்னதை வைத்து முடிவுக்கு வர முடியவில்லை, மோட்டார் ஓடும் நேரத்தில் மீட்டர் வைத்து அழுத்தத்தை அளந்துவிட்டு வாருங்கள் என்று எழுதியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இன்ஜினியரை நான் அதிகம் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான். மீட்டரோடு மறுநாள் காலையில் வருவதாகப் பாய் தவசியிடம் சொன்னார். இருவரும் ஒன்றாகவே வெளியே போனார்கள்.

அன்று மதியம் செண்பகவல்லி வீட்டில் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும். அவருடைய கணவர் தல்லாகுளத்தில் ஏதோ அலுவலகத்தில் வேலை. "ராத்திரி தூக்கத்தில்கூட 'அப்படின்னா எப்படி, இல்லைன்னா எப்படி'ன்னு உளறுவா" என்று மனைவியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் அந்தப் பெட்டியை மடக்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். என்னிடம் ஒரு கேஸ் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆலையில் ரப்பர் கட்டிகளை நசுக்கும் உருளையின் மோட்டார் ஒரே வருடத்தில் மூன்று முறை எரிந்தது. காரணம் எனக்குத் தெரியும். காயில் கட்டியவன் கை சரியில்லை. அதை இந்தப் பெட்டி கண்டுபிடிக்கிறதா பார்ப்போம் என்று நினைத்தேன்.

நானே கீபோர்டின் முன் உட்கார்ந்தேன். காலையில் தவசியின் கிணற்றில் அளந்துவிட்டுத் திரும்பியிருந்த பாய் பின்னால் நின்றார்.

மோட்டாரில் காயில்கள் மூன்று செட்டாக இருக்கும். எரிந்தது மூன்று செட்டுமா, இரண்டா, ஒன்றா என்று முதலில் கேட்டது. ஒன்று என்று அடித்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்: வெளியிலிருந்து வரும் மூன்று லைனில் ஒன்று விட்டுப்போனால் இரண்டு செட் எரியும், ஒரு செட் பிழைக்கும். ஒரே ஒரு செட் எரிந்தால் அது கட்டியவனின் தப்பு.

அடுத்து, மூன்று செட்டும் உள்ளே ஒரு புள்ளியில் சேரும் ஸ்டாராக இணைக்கப்பட்டிருந்ததா, முக்கோணமான டெல்டாவாகவா என்று கேட்டது. டெல்டா. அடித்துவிட்டு, தவசியின் நினைவு வந்து, 'ஏன்' பட்டனை அமுக்கினேன்.

ஸ்டாரில் ஒரு செட் மட்டும் எரிந்தால் கட்டியதில் குறை இருக்கலாம். டெல்டாவில் ஒரு லைன் விட்டுப்போனாலே ஒரு செட் மட்டும்தான் எரியும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அதனால் கேட்கிறேன்.

இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறார்கள். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் அந்தப் பழைய மோட்டாரை அதனோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. என் மனதில் அந்த விசாரணை என்றைக்கோ முடிந்துபோயிருந்தது.

மூன்று முறையும் எரிந்தது ஒரே செட்டா? ஆமாம்.

முதல் முறை எரிந்தபோது இருந்த காயிலைக் கட்டியவர் யார்?

விரல் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது. முதல் முறை எரிந்தது, இங்கிலாந்திலிருந்து மோட்டாரோடு வந்த காயில். கம்பெனி கட்டியது. அதற்கு வயதாகிவிட்டது என்று சொல்லி, எரிந்த மோட்டாரைக் கட்டக் கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு எரிந்த இரண்டும்தான் எங்கள் ஆள் கட்டியவை.

"என்ன சார்?" என்றார் செண்பகவல்லி.

ஒன்றுமில்லை என்று சொல்லி, 'கம்பெனி' என்று அடித்தேன்.

மூன்றாம் முறைக்குப் பிறகு காயிலைத் தவிர வேறு எதையாவது மாற்றினீர்களா? மாற்றினோம். மூன்றாம் முறை மோட்டாரை ஈப்போவில் வெளிக்கடையில் கொடுத்துக் கட்டினோம். அதே வாரத்தில், மோட்டாருக்குக் கரண்டை விடும் பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிய பேனல் வந்தது. அதன்பின் மோட்டார் எரியவே இல்லை. ஆள் மாறியதும் ஓடுகிறது பாருங்கள் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். பேனல் மாறியதை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசிக் கேள்வி: மோட்டார் அதிகமாகக் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடும் ரிலே சரியான அளவில் வைக்கப்பட்டிருந்ததா?

நான் 'தெரியாது' பட்டனை அமுக்கினேன். பெட்டி என்னைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. லைன் விட்டுப்போனதற்கு வாய்ப்பு பத்துக்கு ஏழு என்று போட்டது.

"அந்தக் கடைசிப் பதிலை மாத்த முடியுமா?" என்று கேட்டேன். செண்பகவல்லி ஒரு பட்டனை அமுக்கி அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தார். கனமான கட்டி வரும்போதெல்லாம் மோட்டார் நின்று வேலை கெடுகிறது என்று ரிலேயின் அளவை ஏற்றி வைத்தவன் நான். யாருக்கும் தெரியாது. 'சரியாக இல்லை' என்று அடித்தேன்.

பத்துக்கு ஒன்பது. ஸ்டார்ட்டரில் ஒரு லைனை இணைக்கும் காண்டாக்ட் கருகியிருக்க வேண்டும். ரிலே நிறுத்தாததால் மோட்டார் எரிந்திருக்க வேண்டும். காயில் கட்டியதில் குறைக்கு வாய்ப்பு: பத்துக்கு ஒன்றுக்கும் கீழே. எந்தெந்தப் பதிலை வைத்து இந்த முடிவுக்கு வந்தது என்பதையும் வரிசையாகக் காட்டியது. எல்லாம் நான் சொன்னவையே.

"கட்டுனவர் யாருண்ணே?" என்றார் பாய். அவர் குரல் மாறியிருந்தது.

பெரியகருப்பன் என்று சொன்னேன். ஆலையில் கருப்பன் என்று கூப்பிடுவோம். என்னிடம் ஒன்பது வருடம் வேலை செய்தவர். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர். வேலை இருக்கும்வரைதான் பெர்மிட். யார் காரணம் என்று லிம் கேட்டபோது நான் அவர் பெயரைச் சொன்னேன். வேலை போயிற்று, பெர்மிட் போயிற்று, மனைவி, மகளோடு கப்பலேறிவிட்டார்.

"மோட்டார் எரிஞ்சா எங்க பேருதாண்ணே மொதல்ல எரியும்" என்றார் பாய். "எங்க இருக்காரு இப்ப?"

"கொட்டாம்பட்டிப் பக்கம் ஊர் என்று சொல்வார்."

"அப்ப நாளைக்குப் போங்க. வேறென்ன?"

லிம்மிடம் என்ன சொல்லப் போகிறேன் என்பதைப் பற்றி அன்று செண்பகவல்லி கேட்கவே இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும், "சார், ஸ்டாரா டெல்டாவாங்கிற கேள்விக்கு இன்னும் தெளிவா விளக்கம் எழுதணும்னு நெனைக்கிறேன். உங்களுக்கு எங்க தடுமாறுச்சுன்னு சொல்ல முடியுமா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. தன் ப்ரோகிராமுக்கு அவர் அவ்வளவு உண்மையாக இருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் பேருந்து டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

நான்காம் நாள் காலை பாய் தல்லாகுளத்தில் பேருந்தை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். "கொட்டாம்பட்டில எறக்கி விடுங்க, மலேசியாக்காரரு" என்று கண்டக்டரிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. கண்டக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய மச்சினனுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று பேசிய சுவாரஸ்யத்தில் நிறுத்தம் தாண்டிவிட்டது. இறங்கி ஒரு மைல் திரும்பி நடந்தேன். மேலூர்வரை பச்சையாக இருந்த வயல்கள் இங்கே இல்லை. சிவப்பு மண், கடலைக் கொல்லை, நடுநடுவே வழுக்கைப் பாறை. எங்கள் ஊரில் மண் கண்ணுக்கே படாது, எல்லாம் இலை. இங்கே மண்தான் எல்லாம். ஒரு மனிதன் அந்தப் பச்சையிலிருந்து இந்தச் சிவப்புக்கு வந்து இறங்கியதை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

டீக்கடையில் பெரியகருப்பன் என்றால் நான்கு பேர் இருக்கிறார்களாம். மலாயாவிலிருந்து வந்தவர் என்றேன். "அட, பினாங்குக்காரரா. கெணத்துக்கிட்ட இருப்பாரு, போங்க" என்றார்கள். அவர்களுக்கு மலாயா முழுக்கப் பினாங்குதான். மோட்டார் காயில் கட்டுவாரே என்றேன். கடைக்காரர் சிரித்தார். "அவரா? மோட்டாரு கெட்டுப்போனா அவரே மேலூருக்குத் தூக்கிட்டு ஓடுவாரு. பீசுக் கம்பி போடக்கூட ஆளக் கூப்புடுவாரு."

கிணற்றை ஒட்டிய கடலைக் கொல்லையில் பெரியகருப்பன் களை எடுத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"போர்மன் சார்" என்றார்.

ஒன்பது வருடம் 'நீ' என்று கூப்பிட்டவன் நான். அன்று வாயில் 'நீங்க' என்றுதான் வந்தது.

வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டார்கள். அவருடைய மனைவி வெள்ளையம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என்னைத் தெரிந்துகொண்டதும் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. மதுரைக்கு வந்த காரணம், கம்ப்யூட்டர், அது கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மூன்று செட்டையும் மண்ணில் குச்சியால் முக்கோணமாக வரைந்து, ஒரு லைனை அழித்துக் காட்டினேன். பெரியகருப்பன் குனிந்து அந்த முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மொதத் தடவ எரிஞ்சது நான் கட்டுனதில்லயேன்னு கப்பல்ல வரும்போதுதான் சார் தோணுச்சு" என்றார். "கடலுக்கு நடுவுல யாருகிட்டப் போய்ச் சொல்றது? அப்புறம் நெனச்சேன், மத்த ரெண்டும் நான் கட்டுனதுதான. எங்கயோ கம்பியில எனாமல் உரிஞ்சிருக்கும், நாந்தான் பாக்காம விட்டிருப்பேன். நீங்க தப்பாச் சொல்ல மாட்டீகன்னு நெனச்சேன்."

"தப்பாத்தான் சொன்னேன்."

"அப்ப என் கட்டு சரிதான்."

"சரிதான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். வெள்ளையம்மா நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"அந்த மிசினு ஒங்ககிட்டக் கேட்டத, நீங்க அன்னைக்கே இவருகிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்."

"ஏங் கேக்கல?"

சொல்லத் தயாராக என்னிடம் நிறைய இருந்தது. வேலைப் பளு, லிம் கொடுத்த நெருக்கடி, எனக்கு அன்று இருந்த படிப்பு. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிலேயை நான் ஏத்தி வச்சிருந்தேன். கேள்வி கேட்டால் அது வெளியே வந்திருக்கும். என் வேலை போயிருக்கும். பயந்துவிட்டேன்."

இதை நான் என் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. வெள்ளையம்மா, "எங்க மக அங்கதான் பெறந்தா. இப்பவும் அவளுக்கு இந்த வெயிலு ஒத்துக்கல" என்றார். பிறகு, "அங்க எங்கண்ணன் இருக்காரு. இவரு வேலையில கோட்ட விட்டுட்டு வந்தவருன்னுதான் அவுக வீட்டுல பேச்சு. நேராப் போயி, எனக்குச் சொன்ன மாதிரியே அவருக்கும் சொல்லணும்" என்றார்.

சொன்னேன் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, எதையும் விடாமல் சொன்னேன். அதற்கு முன்னால் லிம்மிடமும் சொல்லியிருந்தேன். அவர் அந்த ப்ரோகிராமை வாங்கலாமா என்று கேட்டார். வாங்க வேண்டும், நான் இல்லாத நேரத்திலும் அது கேட்கும் என்றேன். ஆறு மாதத்தில் அது எங்கள் ஆலைக்கு வந்தது. 'ஏன்' பட்டனோடுதான் வந்தது. பெரியகருப்பனைத் திரும்ப அழைத்துக்கொள்ள லிம் எழுதிய கடிதத்துக்கு, இப்போது கடலை போட்டிருக்கிறேன், வர முடியாது என்று பதில் வந்தது.

அன்று வெள்ளையம்மா சோறு போட்டார். கருவாட்டுக் குழம்பு. எங்களோடு உட்காரவில்லை, ஆனால் இலையில் சோறு குறையக் குறைய வந்து வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் நான் பேருந்துக்குக் கிளம்பினேன்.

"கெணத்து வழியாப் போவோம் சார்" என்றார் பெரியகருப்பன்.

கிணற்று மேட்டில் தகரம் வேய்ந்த சின்ன அறை. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் ஒரு தடவை எரிந்துவிட்டதாம். மேலூரில் கட்டிக்கொண்டு வந்தாராம். இரண்டு பேரும் வாசலில் நின்று அதன் சத்தத்தைக் கேட்டோம். இரண்டு பேருக்கும் கேட்டது. ஓட்டத்தில், ஒரு லைன் சரியாக வராதபோது எழும் முனகல் இருந்தது.

அவர் உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினார். மெயினை இறக்கி, பியூஸ்களைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தகரத்தில் செருகியிருந்த, துருவேறிய ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில் முதல் திருகைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றியதை வைக்க இடம் தேடிப் பின்னால் கையை நீட்டினார். நான் உள்ளங்கையை விரித்துப் பிடித்தேன். ஒவ்வொன்றாக நான்கு திருகையும் அதில் வைத்தார்.